கொடைக்கானலுக்குப் பை அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் குடும்பங்கள் வந்து தங்கும் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வந்து இறங்குகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஸ்வெட்டர் இருக்கும், ஆனால் டிக்கியில் மூன்று பைகளுக்கு அடியில் இருக்கும். பிள்ளை வழியில் வரும் பெருமாள்மலையிலிருந்தே நடுங்கிக்கொண்டு வந்திருக்கும். வாந்தி மாத்திரையும் இருக்கும், எந்தப் பையில் என்பதுதான் தெரியாது. அதனால் இங்கே எதைக் கொண்டுவருவது என்பதோடு, எதை எங்கே வைப்பது என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. துணியைத் தொடும் முன்: பாஸ், மாதம், அறை

முதல் வேலை இ-பாஸ், அதாவது வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, வெளியூரிலிருந்து கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ வருகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இது கட்டாயம். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. ஆகவே தேதி முடிவானதும் பாஸ் எடுத்துவிடுங்கள். பாஸில் வண்டி எண் இருக்கும் என்பதால் வேன் பேசியிருந்தால் எந்த வண்டி வரப்போகிறது என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தாளில் ஒரு பிரதி, போனில் ஒரு படம், இரண்டும் வேண்டும். சோதனைச் சாவடியில் சிக்னலை நம்பி நிற்கக் கூடாது.

அடுத்து மாதம். மே மாதத்தில் பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 12 டிகிரியை ஒட்டியும் இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 8 டிகிரி சாதாரணம், பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. நீலகிரியில் அப்படியில்லை. அங்கே மேற்குப் பக்கமான கூடலூர், அவலாஞ்சிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அடைமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. ஊட்டிக்குப் போய் வந்தவர் சொன்ன மாதத்தை நம்பிக் கொடைக்கானலுக்கு அடுக்கினால் தவறுவது இதனால்தான்.

மூன்றாவது, அறைக்கு ஒரு போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்: வெந்நீர் எந்த நேரத்தில் வரும், ஆளுக்கு எத்தனை கம்பளி தருவீர்கள், கெட்டில் உண்டா? பெரிய பையின் எடையில் பாதியை இந்தப் பதில்களே முடிவு செய்துவிடும்.

2. ஆளுக்கொரு பை வேண்டாம், நேரத்துக்கொரு பை

சமவெளிப் பயணத்துக்கு அப்பா பை, அம்மா பை, பிள்ளைகள் பை என்று பிரிப்பது சரிதான். மலைக்கு அது உதவாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வருவதற்குள் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். 1,000 மீட்டருக்கு 6 டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பதால், மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டில் வியர்த்துக்கொண்டு கிளம்பியவருக்கு இரண்டு மணி நேரத்தில் 11, 12 டிகிரி குறைந்துவிடுகிறது. ஆளுக்கொரு பையாக இருந்தால், நாலு பேருக்கு ஸ்வெட்டர் எடுக்க நாலு பையையும் சாலையோரத்தில் திறக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக இப்படிப் பிரியுங்கள்:

மலைப்பாதைப் பை: ஏறும்போது கைக்கு வேண்டியவை. காலடியில் இருக்கும்.
ராத்திரிப் பை: அறைக்குள் நுழைந்ததிலிருந்து மறுநாள் காலை வரை எல்லாருக்கும் வேண்டியவை.
பெரிய பை: மீதி எல்லாம்.
சுற்றும் பை: முதுகில் மாட்டும் காலிப் பை. மடித்துப் பெரிய பையில் வைத்துவிடுங்கள், மறுநாள் காலையில்தான் அதற்கு வேலை.

மாலையில் களைத்து வருகிறவர்கள் பெரிய பையைத் திறக்காமலே தூங்கப் போக முடிந்தால் அடுக்கியது சரி என்று அர்த்தம்.

3. துணி: தடிமன் அல்ல, அடுக்கு

ஒரே ஒரு கனத்த ஜெர்கினோடு வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பகல் வெயிலில் அதைப் போட முடியாது, கழற்றினால் உள்ளே வெறும் பருத்திச் சட்டை. பத்து நிமிடம் மேகம் மூடினால் குளிர், விலகினால் சுள்ளென்று வெயில். போடவும் கழற்றவும் வசதியான மெல்லிய அடுக்குகளாக இருந்தால் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கலாம்.

உடம்பை ஒட்டி முழுக்கைத் தெர்மலோ (குளிருக்கான உள்ளாடை) பனியனோ, அதற்கு மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜெர்கின். கம்பளிக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெளிக்காற்று ஊடுருவினால் எவ்வளவு தடித்த ஸ்வெட்டரும் பயன்படாது. அதனால் மூன்றாவது அடுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். கோக்கர்ஸ் வாக்கில் நடந்துவிட்டு நின்றதும் முதுகு சில்லிடுவது அதனால்தான். நடக்கும் நாளில் உள்ளே போட மாற்றுப் பனியன் ஒன்று சுற்றும் பையில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். "எனக்கு ஸ்வெட்டரெல்லாம் வேண்டாம்மா, சால்வை போதும்" என்பார்கள். வற்புறுத்த வேண்டாம். புடவைக்குள் கம்பளி லெக்கின்ஸ், வேட்டிக்குள் தெர்மல் பேன்ட், காலுக்கு முழங்கால் வரை வரும் சாக்ஸ், காதை மூடி மப்ளர். இவை இருந்தால் மேலே சால்வை போதும். செருப்போடு சாக்ஸ் போட வேண்டியிருக்கும், ஆகவே கட்டைவிரல் பிரிந்த சாக்ஸாக வாங்குங்கள். சாதாரண சாக்ஸோடு ரப்பர் செருப்பு மாட்டினால் ஈரத் தரையில் வழுக்கும்.

குழந்தைகளுக்கு உங்களைவிட ஒரு அடுக்கு கூடுதல், கூடவே குல்லா. குல்லாவில் நாடா இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏரியைச் சுற்றும்போது காற்று கொண்டுபோய்விடும்.

ஜீன்ஸ் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. நனைந்தால் இங்கே இரண்டு நாளானாலும் காயாது, அதுவரை சுமையும் இரட்டிப்பு. எளிதில் உலரும் பேன்ட் ஆளுக்கு இரண்டு போதும். துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு உள்ளாடையையும் சாக்ஸையும் குறைத்துவிடாதீர்கள். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் நாளில் கொடியில் போட்டது போட்டபடி ஈரமாகவே இருக்கும். நாளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி.

ஸ்வெட்டர் விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம். ஏழுரோடு பக்கமும் ஏரி ஓரமும் கடைகள் இருக்கின்றன. ஆனால் பெரியவர்களின் அளவுக்குத் தெர்மல் கிடைப்பது கஷ்டம், அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

4. மலைப்பாதைப் பை

காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்தால் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு வளைவுதான். இந்தப் பையைச் சரியாக அடுக்கிவிட்டால் பாதிப் பயணம் தப்பித்தது.

முதலில் வாந்தி. மாத்திரை வேலை செய்யத் தொடங்க நேரம் எடுக்கும். பாதி வழியில் டம்டம் பாறை என்ற இடத்தில் தலை சுற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். எந்த மாத்திரை, எத்தனை வயதுக்கு எவ்வளவு என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொன்ன நேரத்தில் வத்தலக்குண்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் இவை, வண்டி ஓட்டுபவர் போடக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பூரி பொங்கல் என்று நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாயில் அடக்க உப்பு நார்த்தங்காய், முகர எலுமிச்சம்பழம். வளைவில் போன் பார்க்கும் பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும், கண் தூரத்துச் சாலையைப் பார்க்கும்படி முன்பக்கம் உட்கார வையுங்கள்.

பாலிதீன் கவருக்கு இங்கே தடை, காகிதப் பை ஊறிக் கிழிந்துவிடும். நான் சொல்வது மூடி உள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே மடித்த செய்தித்தாள் வைத்துவிட்டால் ஈரத்தை உறிஞ்சும், மூடிவிட்டால் நாற்றம் வராது, பெருமாள்மலையில் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம். இரண்டு டப்பா கொண்டுவாருங்கள், ஒருவர் எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும்.

காது அடைப்புக்கு மிட்டாய். விழுங்கும்போது காதுக்குள் உள்ள குழாய் திறந்து உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாகும். மிட்டாய் சாப்பிடாத கைக்குழந்தைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். வளைவில் குழந்தை காரணமில்லாமல் அழுவது பெரும்பாலும் காது வலியால்தான்.

இவற்றோடு ஈரத் துண்டு, தண்ணீர், ஆளுக்கொரு ஸ்வெட்டர், பாஸ், சில்லறை. ஸ்வெட்டர்கள் பையின் மேலேயே இருக்கட்டும், ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் எடுக்க வேண்டியிருக்கும்.

தின்பண்டம் மட்டும் இந்தப் பையில் வெளியே தெரியக் கூடாது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் இறங்கும்போது கையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தால் குரங்கு தாவி வரும், பையோடு இழுத்துக்கொண்டு போகும். மூடியுள்ள தூக்குவாளியில் போட்டு வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டி போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 46 கிலோமீட்டர், நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வழியில்லை. பெரிய சூட்கேஸ் வைக்க இடமும் இல்லை. மடியில் வைக்கும் அளவுப் பைகளாகப் பிரித்துக் கொண்டுபோங்கள்.

5. ராத்திரிப் பை

இதில் முதலில் வைக்க வேண்டியது ஃப்ளாஸ்க். அறையில் வெந்நீர் பெரும்பாலும் காலையில் சில மணி நேரம்தான் வரும். இரவு 2 மணிக்கு மாத்திரை போடவோ பால் கலக்கவோ சுடுதண்ணீர் வேண்டும் என்றால் ஃப்ளாஸ்க் ஒன்றுதான் துணை. இரவுச் சாப்பாட்டோடு நிரப்பி வாங்கி வைத்துவிடுங்கள்.

தூங்கும் உடை ஆளுக்கு ஒரு செட், புதிய சாக்ஸ், மாத்திரை டப்பா, பல்பொடி அல்லது பேஸ்ட், சோப்பு, துண்டு, டார்ச், சார்ஜர். பகலில் போட்ட சாக்ஸோடு தூங்காதீர்கள். அதில் இருக்கும் ஈரம் காலைச் சில்லிட வைக்கும். கம்பளி போதாது என்று அறைக்காரர் சொல்லியிருந்தால் பழைய பருத்திப் போர்வை ஒன்றை உள்ளே போர்த்திக்கொள்ளக் கொண்டுவாருங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுவந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. விரல் விட்டு எடுக்கிற மாதிரி அகலவாய் டப்பாவில் போடுங்கள். உதட்டு வெடிப்புக்கும் அதுவே போதும்.

ஷாம்பு, கிரீம் பாட்டில்களை ஊரில் மூடும்போது லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, பாட்டிலில் அடைபட்ட கீழ்நாட்டுக் காற்று விரிந்து ஷாம்புவை வெளியே தள்ளும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதே காரணத்தால்தான்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். கரி, கரியடுப்பு, கணப்புச் சட்டி எதையும் பையில் எடுத்துவராதீர்கள். இங்கே யாராவது கொடுத்தாலும் அறைக்குள் வைக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது, உயிர் போய்விடும். தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெந்நீர்ப் பை இந்தப் பையில் இடம்பிடிக்க வேண்டிய பொருள்.

6. மருந்து

தினமும் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள், மலைப்பாதையில் மண் சரிந்தால் இறங்குவது தள்ளிப்போகும். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், எந்தப் பையிலும் அல்ல. குளிர்காற்று சட்டென்று இழுப்பை வரவழைக்கும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு மாத்திரைகள், உப்புச்சர்க்கரைப் பொடி, பேண்டேஜ். மருந்துச் சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

7. தண்ணீரும் சாப்பாடும்

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. சாவடியில் பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நீலகிரியிலும் பாட்டிலுக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கும் தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், நிரப்பிக்கொள்ளப் பெரிய கேன் ஒன்று. தட்டும் டம்ளரும் எவர்சில்வரிலேயே கொண்டுவந்துவிடுங்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் காகிதத் தட்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொள்ளலாம். தயிர்ச் சாதம் வேண்டாம். கீழே வெயிலில் புளித்து, மேலே சில்லென்று ஆகிவிடும், பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

சமைக்கும் வசதியுள்ள வீடு எடுத்திருந்தால் சிறிய குக்கரைக் கொண்டுவாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிக்கொண்டே இருக்கும், அரிசி சீக்கிரம் வேகாது. குக்கர் அழுத்தத்தைக் கூட்டி அந்தக் குறையைச் சரிசெய்துவிடும். குடிதண்ணீர் காய்ச்சினாலும் கொதி வந்த பிறகு 3 நிமிடம் விடுங்கள், கீழே 1 நிமிடம் போதும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

8. போனும் பணமும்

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பவர் பேங்கை உள்சட்டையில் வையுங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள், 50, 100 ரூபாய்த் தாள்களாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

9. காலையில் சுற்றும் பை

இதை முந்தின இரவே நிரப்பிவிடுங்கள். காலையில் சீக்கிரமே தூண் பாறையைப் பார்த்துவிட வேண்டும், வெயில் ஏற ஏற மஞ்சு எழுந்து பாறையை மறைத்துவிடும். காலையில் பை தேடிக்கொண்டிருந்தால் பார்க்கக் கிடைப்பது வெள்ளைத் திரை மட்டும்தான்.

குடையைவிட ரெயின்கோட் நல்லது. மலைக்காற்று குடையைத் திருப்பிவிடும், வட்டக்கானல் இறக்கத்தில் இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் வழுக்காமல் நடக்க முடியும். அடிப்பாகத்தில் வரி ஆழமாக உள்ள ஷூ போடுங்கள். புது ஷூவைப் பயணத்துக்கென்று வாங்கியிருந்தால் ஊரிலேயே ஒரு வாரம் போட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து கால் கொப்பளித்தால் பயணம் அறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடுவார்கள். 1,000 மீட்டருக்குப் பத்து சதவீத அளவில் புற ஊதாக் கதிர் கூடும், மாலையில் மூக்கும் கன்னமும் எரியும். சன்ஸ்கிரீனும் விளிம்பு வைத்த தொப்பியும் வேண்டும்.

மழைக்காலத்தில் சோலைக் காட்டுக்குள் நடப்பதாக இருந்தால் அட்டைப் பூச்சி ஏறும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி, துணியில் முடிந்த உப்புப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஷூவின் மேல் ஏறும்போதே தொட்டால் விழுந்துவிடும். தோலைக் கவ்விவிட்டால் பிய்க்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் மெதுவாகத் தள்ளி எடுங்கள். கடித்த இடத்தில் ரத்தம் சிறிது நேரம் வந்துகொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம், கழுவிவிட்டுப் பஞ்சு வைத்து அழுத்துங்கள்.

10. வண்டியில் ஏற்றும் வரிசை

பெரிய பை முதலில், டிக்கியின் அடியில். அதன் மேல் சாமான், குக்கர். ராத்திரிப் பை கடைசியில், கதவைத் திறந்ததும் கைக்கு வரும்படி. மலைப்பாதைப் பை டிக்கிக்கே போகக் கூடாது. கேரியரில் ஏற்றுவதாக இருந்தால் தார்ப்பாயைக் கட்டிய பிறகுதான் கிளம்ப வேண்டும், கீழே வெயில் அடிக்கிறதே என்று விட்டுவிட்டால் பண்ணைக்காடு பிரிவைத் தாண்டும்போது மழையில் நிறுத்திக் கட்ட வேண்டிவரும்.

11. இறங்கும் நாள்

முந்தின இரவு ஈரத் துணியைத் தனியே கட்டுங்கள், உலர்ந்ததோடு சேர்ந்தால் வீடு போவதற்குள் எல்லாமே பூஞ்சை வாடை அடிக்கும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், காலைக்குள் பாதி ஈரத்தை அது வாங்கிவிடும்.

மலைப்பாதைப் பையை மறுபடி அதேபோல் நிரப்புங்கள். இறங்கும்போதும் வாந்தி வரும், அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இந்த முறை ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய பருத்திச் சட்டைகளை மேலே வையுங்கள். ஊத்து தாண்டியதும் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றுவீர்கள், கழற்றியதைப் போட மடித்த துணிப்பை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.